வெள்ளிக்கிழமை ஈரம்

எங்கள் பேஸ்மென்ட் வீட்டில் உப்பு ஒருநாளும் ஒழுங்காகக் கொட்டியதில்லை. போத்தலைக் கவிழ்த்துக் குலுக்கினாலும் கட்டியாக உள்ளேயே கிடக்கும். புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அந்த வாடகைக்கு அதுதான் கிடைத்தது. ஜன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும், வேறொன்றும் தெரியாது. சுவரில் பூஞ்சணம். அப்படியான வீட்டில் இருந்துகொண்டு என் மனைவி உடம்பு பாரமாக இருக்கிறது என்று சொன்னதில் என்ன புதினம்?

அவள் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையின் பின்பக்கத்தில் கீரை கழுவினாள். நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் கை. முழங்கால் வீங்கியது, காலையில் எழும்ப முடியவில்லை, சாப்பிட்டால் வயிறு கல்லாகக் கிடந்தது. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத உடம்பையா அவள் மெட்ரோப் படிகளில் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏற்றுகிறாள்? எனக்கு வந்த கோபத்தில் அவரோடு கதைக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

கடையில் வேலை செய்த ஒரு பெண் சொல்லித்தான் சைனா டவுனில் இருந்த சீன வைத்தியரிடம் போனோம். வயதான அம்மா. நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் வெள்ளை படிந்து, ஓரங்களில் பல் அச்சு விழுந்திருந்தது. உள்ளே ஈரம் தேங்கிவிட்டது என்றார். எங்களுக்கு அது உடனே விளங்கியது. சூடு, குளிர், வாதம் என்று கதைத்து வளர்ந்த சனம்தானே நாங்கள்.

மருந்தைவிடப் பழக்கம்தான் முக்கியம் என்றார் அவர். குளிர்ந்த தண்ணீர் குடிக்கக்கூடாது. பால், தயிர், வாழைப்பழம், இனிப்பு எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். எதையும் சமைத்துச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும், அதுவும் பொழுதுபடமுன். சாப்பிட்டபின் நடக்க வேண்டும். சீமெந்து நிலத்தில் இருக்கக்கூடாது. வறுத்த பார்லியும் காய்ந்த தோடம்பழத் தோலும் போட்டு அவித்த தண்ணீர் நல்லது. கடைசியாக அவளுடைய கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்தலையோடு இருக்கவே கூடாது என்றார். அன்று வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமைகளில் அவள் விடியமுன் பச்சைத் தண்ணீரில் தலை முழுகுவாள். முடியைக் காயவிடாமல் முடிந்துகொண்டு, விளக்கேற்றி, வெறும் நிலத்தில் இருந்து கும்பிடுவாள். பகல் முழுக்கப் பட்டினி. பின்னேரம் பாலும் வாழைப்பழமும் மட்டும். எல்லாம் வன்னியில் அகப்பட்டுக் கிடந்த தன் தம்பிக்காக. அவளுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு அவன். சண்டை இறுகியபின் அவனிடமிருந்து ஒரேயொரு தரம் அழைப்பு வந்தது. பங்கருக்குள் தண்ணி நிக்குது அக்கா என்றான். அதோடு சரி.

மற்ற நாட்களில் அவள் வைத்தியர் சொன்னபடியே நடந்தாள். நானும் பார்லித் தண்ணீர் குடித்தேன். துறைமுகப் பக்கம் நான் வேலை செய்த கிடங்கில் கள்ளமாகப் பால் தேத்தண்ணி குடித்ததை அவளுக்குச் சொல்லவில்லை. பின்னேரமே சாப்பிட்டுவிட்டு இருவரும் பனியில் நடந்தோம். முழங்கால் வீக்கம் கொஞ்சம் இறங்கும், முகம் கொஞ்சம் தெளியும். பிறகு வெள்ளிக்கிழமை வரும், எல்லாம் பழையபடி.

"தலையை மட்டும் முழுகாமல் விடும்," என்றேன் ஒருநாள். "கை கால் கழுவிப்போட்டுக் கும்பிட்டால் முருகன் கோவிக்கவே போறார்?"

"அவன் அங்க தண்ணிக்க கிடக்கிறான். நான் இஞ்ச காய்ஞ்சு கிடக்கவோ?"

"நீர் நனைஞ்சால் அவன் காய்வானோ?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"இந்த விரதத்தை விட்டால், அவன் இல்லை எண்டு நானே சொன்ன மாதிரி. நான் சொல்லமாட்டன்."

அதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்றில்லை. வெள்ளிக்கு வெள்ளி அதே சண்டையைப் பிடித்தேன். எனக்கு அவனைவிட இவள்தான் முக்கியம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு அங்கே சண்டை எல்லாம் முடிந்தது. உயிர் தப்பியவர்கள் முகாம்களிலிருந்து ஒவ்வொருவராக இங்கே சொந்தங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மேல்மாடிக் குடும்பத்துக்கு அண்ணன் கிடைத்தார். எங்கள் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். கோடை போய், இலையும் கொட்டியது. கோயிலில் தெரிந்த ஒருவர், "பிள்ளை, எத்தினை நாளைக்கு இப்பிடி? செய்ய வேண்டியதைச் செய்து விடுங்கோவன்," என்றார். அவள் எழும்பிப் போய்ச் சப்பாத்தைப் போட்டாள்.

குளிர் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, படுக்கையில் கிடந்தபடி தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கேட்கவில்லை. எழும்பிப் போனேன். குசினியில் கதிரையில் இருந்தாள். முடி காய்ந்திருந்தது. வாரிப் பின்னியிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நேற்றையான் மீன்குழம்பு கிடக்கோ?"

"கிடக்கு."

"சோத்தோட சூடாக்கித் தாங்கோ."

வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன்சட்டி ஏறியதே இல்லை. ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு பருக்கை மிச்சம் விடாமல், ஆறுதலாக, முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு ஒரு கோப்பை பார்லித் தண்ணீர் கேட்டாள். வைத்தியர் சொன்னதில் ஒன்றும் பிசகவில்லை. இத்தனை நாளும் நான் சண்டை பிடித்துக் கேட்டது இதைத்தான். கை கழுவ அவள் எழும்பியபோது, நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன், வழக்கம்போலப் போய் முழுகும் என்று அவளிடம் கெஞ்ச வேண்டும்போல இருந்தது.