ஒற்றைக் கதவு

கேட்டக்காவை யாராவது "திமிர் பிடிச்ச பொம்பளை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தையல் கடை பூங்காவுக்கு நேர் எதிரே. மிஷினில் உட்கார்ந்தால் கண் அந்த இரும்பு கேட்டில்தான் போய் நிற்கும். பத்தொன்பது வருடமாக அதைத் திறந்து மூடுகிறவள் அவள், அதனால்தான் கேட்டக்கா. ரெட்டைக் கதவு. வலது பக்கக் கதவு கீல் இறங்கித் தரையில் இழுபடும். இடுப்பைக் கொடுத்துத் தூக்கித்தான் தள்ள வேண்டும். அந்த இடுப்பு வலிக்கு நகராட்சி ஒரு தைலம்கூட வாங்கித் தந்ததில்லை.

பத்தொன்பது வருடமும் தற்காலிக ஊழியர். இந்த வருடம் நிரந்தரப் பட்டியல் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. இந்தப் பட்டியலை விட்டால் அடுத்தது வருவதற்குள் வேலையிலிருந்தே அனுப்பிவிடுவார்கள்.

"நிரந்தரம்னு ஒரு காயிதம் வந்துட்டா போதும் தங்கச்சி. பென்ஷன் வரும். மக வீட்டு வாசல்ல போய் நிக்க வேண்டாம்" என்பாள்.

காகிதத்தின் மீது அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஒருமுறை யாரோ ஓர் அதிகாரி வாயால் சொன்னதைக் கேட்டுச் செய்து, பிறகு அவரே "நான் சொல்லவே இல்லை" என்று கைவிரித்ததிலிருந்து, எழுத்தில் வந்தால்தான் எதையும் செய்வாள். வந்தால் எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்வாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் பரவியது. ஊரே அடைந்து கிடந்தது. பூங்காவை "மறு உத்தரவு வரும் வரை" மூடச் சொல்லிக் கடிதம் வந்தது, மூடினாள். நான்கு மாதம் தினமும் வந்து, ஆளில்லாத பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே பியூன் சைக்கிளில் வந்து இரண்டு உறைகளைக் கொடுத்தான். ஒன்று நகராட்சி மாடியிலிருக்கும் ஆணையர் அலுவலகத்துடையது: இன்று முதல் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பூங்காவைத் திறக்கவும். இன்னொன்று அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சுகாதாரப் பிரிவுடையது: காய்ச்சல் குறையாததால் பூங்கா தொடர்ந்து மூடியிருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே தேதி. இரண்டிலும் முத்திரை.

"என்னப்பா இது?" என்றாள்.

"நான் கொண்டு வந்து குடுக்கறவன்க்கா. உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

என் கடையில் நின்றுதான் போன் செய்தாள். நகராட்சி இரவுக் காவல் அறையில் இருந்தவர்கள் எடுத்தார்கள், அதிகாரிகளின் வீட்டு எண்ணைக் கொடுத்தார்கள். மாடிக்காரர் தூக்கக் கலக்கத்தில் சொன்னார்: "காய்ச்சல் விஷயமா? கீழ கேளும்மா." கீழ்த்தளத்துக்காரர் சொன்னார்: "கேட் எங்க பொறுப்பு இல்லியே. மேல கேளுங்க." மறுபடி மேலே, மறுபடி கீழே. நான் சான்றிதழ் வாங்கப் போனபோது எண்ணியிருக்கிறேன், இரண்டு அறைக்கும் நடுவில் பதினாறு படி. அந்தப் பதினாறு படியை ஒருத்தர் இறங்கவோ ஒருத்தர் ஏறவோ முடியாதா? கால் தேய்ந்துவிடுமா?

ஆறு மணிக்கு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இடது கதவைத் திறந்தாள். வலது கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். திறந்த கதவில் ஆணையர் கடிதம், பூட்டிய கதவில் சுகாதாரக் கடிதம்.

நடக்க வந்த வாத்தியார் ஒருவர் திகைத்துப்போய்க் கேட்டார். "ஏம்மா, திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"ரெண்டும் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். எட்டரை மணிக்கு அடங்கிவிட்டது. மாடியிலிருந்து ஒருத்தர் வந்தார், ஏன் பாதி மூடினாய் என்று ஒரு மெமோ. அவர் போன சூட்டோடு கீழ்த்தளத்திலிருந்து ஒருத்தர், ஏன் பாதி திறந்தாய் என்று இன்னொரு மெமோ. போன் செய்தபோது ஒரு முடிவும் சொல்லாத மகராசன்களுக்கு மெமோ எழுத மட்டும் பேனா துள்ளிக்கொண்டு வந்தது!

விசாரணை நடந்தது. கேட்டக்கா இரண்டு கடிதங்களையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போனாள். அவள் காட்டிய இரண்டு கடிதமும் செல்லுமாம். எழுதியவர்கள் இருவர் மீதும் தவறில்லையாம். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

"'இரு பிரிவுகளுக்கும் இடையே உரிய ஒருங்கிணைப்பை மேற்கொள்ள ஊழியர் தவறிவிட்டார். இது அவரது பணிப்பதிவேட்டில் குற்றமாகப் பதியப்படுகிறது.'"

"ஒருங்கிணைப்புன்னா?"

"ரெண்டு பேரையும் பேச வச்சு ஒண்ணா சேர்க்கறது, அக்கா."

"அதுக்கு அவங்களுக்குச் சம்பளம், எனக்குத் தண்டனையா?" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

போன வாரம் நிரந்தரப் பட்டியல் வந்தது. ஊழியர்கள் பார்ப்பதற்காக எல்லாப் பூங்கா கேட்டிலும் ஒட்ட வேண்டுமாம். பியூன் காகிதத்தையும் பசை டப்பாவையும் அவளிடமே நீட்டினான். அவள் மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள். அவள் பெயர் இல்லை. மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

பிறகு பசை டப்பாவைத் திறந்து, பியூனைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்தக் கதவுல ஒட்டணும்? எழுத்துல வாங்கிட்டு வா."