குலேந்திரன் அத்தான் மகனைப் புகழ்ந்த நாள்

என் அக்காவின் கணவர் குலேந்திரனைப் போல ஒரு நல்ல மனிதரை டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸ் நகரம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அவரைப் போல என் உயிரை வாங்குகிற மனிதரையும் கண்டுபிடிக்க முடியாது. இருபத்தாறு வருடமாக ஒரே பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு நாள் பிந்திப் போனதில்லை. யார் வீட்டுக் கொண்டாட்டம் என்றாலும் கதிரை இறக்க முதல் ஆளாக நிற்பார். ஆனால் தன்னுடையது எதைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை அவர் வாயில் இருந்து வராது.

"அத்தான், புதுக் கார் வடிவாயிருக்கு" என்றால், "என்ன வடிவு பிள்ளை, வாங்கின நாளில இருந்து கரைச்சல்" என்பார். காரில் ஒரு கீறல்கூட இருக்காது. அக்கா நாற்பது பேருக்கு ஆட்டிறைச்சிக் கறி வைத்து, சாப்பிட்டவர்கள் புகழ்ந்தால், அக்காவின் முன்னாலேயே "உப்புக் கூடிப்போச்சு" என்பார். மகன் ஜதுர்சன் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். கண்ணூறு பட்டுவிடுமாம். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ "வடிவான பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போக, அத்தான் அன்றைக்கே செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிச் சட்டியில் போட்டு வறுத்தார். புகைமணி அலறி, மேல்வீட்டு டேனிஷ்காரர் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். என் மகளைப் பற்றி யாரும் கேட்டால் எனக்கும் "அவள் பெரிய சோம்பேறி" என்றுதான் வாயில் வருகிறது. தமிழரிடம் சொன்னால் பிழையில்லை. "சும்மா சொல்லாதேங்கோ, உங்கட பிள்ளை தங்கம்" என்று அவர்கள் உடனே திருப்பிச் சொல்வார்கள். நாங்கள் தாழ்த்த வேண்டும், அவர்கள் உயர்த்த வேண்டும், அதோடு கதை முடியும்.

மரினாவுக்கு இது தெரியாது.

மரினா யாரென்றால், ஜதுர்சனைக் கண்காணிக்க வந்த அதிகாரி. போன வருடம், பதினாலு வயதில், அவன் நண்பர்களோடு ரயில் நிலையத்தில் நின்று இன்னொரு பெடியனின் மூக்கை உடைத்துவிட்டான். பதினைந்து வயதாகாத பிள்ளையை இந்த நாட்டில் நீதிமன்றம் தண்டிக்காது. அதற்காகச் சும்மா விடவும் மாட்டார்கள். ஒரு நீதிபதி, ஒரு பொலிஸ்காரர், கொம்யூன் என்கிற நகரசபையில் இருந்து ஒருவர் என்று மூன்று பேர் கொண்ட சபை ஒன்று இளையோருக்காக இருக்கிறது. அடிபட்டவனை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்க வேண்டும், பின்னேரங்களில் இளைஞர் கிளப்புக்குப் போக வேண்டும், இரண்டு கிழமைக்கு ஒரு புதன்கிழமை மரினா வீட்டுக்கு வருவார். இப்படி ஒரு வருடம் என்று சபை சொன்னது.

ஒரு வருடம் என்றால் ஜூன் மாதம் முடிந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆகஸ்டில் ஜதுர்சன் ஃபுயுன் தீவில் ஒரு எஃப்டர்ஸ்கோலவுக்குப் போக வேண்டும். ஒரு வருடம் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம், உதைபந்தாட்டமும் உண்டு. அவனுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. பெட்டிகூட வாங்கிவிட்டான். ஆனால் சபை பிள்ளையை விடுவது கலண்டரைப் பார்த்து அல்ல. முடிகிற நேரத்தில் மரினாவின் அறிக்கையைப் படித்துப் பார்த்து, தேவை என்று கண்டால் நீட்டுவார்கள். இதை நான் அத்தானுக்குப் பத்துத் தரம் சொன்னேன். "அவன் இப்ப நல்லாத்தானே இருக்கிறான், ஏன் நீட்டப்போறாங்கள்?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். என்னிடம் மட்டும்.

மே மாதம் அறிக்கை அவருடைய போனுக்கு வந்தது. வாசித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடம் நல்லது என்று எழுதியிருந்தது. கிளப்பும் அப்படியே. பையன் மரியாதையானவன் என்று மரினாவே எழுதியிருந்தார். அதற்குக் கீழே, தந்தை தந்த தகவல். பெப்ரவரி: மகன் சோம்பேறி, சொல்வழி கேட்பதில்லை என்கிறார். மார்ச்: பழைய கூட்டத்தோடு இனிச் சேரமாட்டான் என்று சொல்ல முடியாது என்கிறார். ஏப்ரல்: அவனை நம்ப ஏலாது, நீங்கள் பிடித்து வைத்திருப்பதுதான் நல்லது என்கிறார். கடைசி வரியில், ஆறு மாதம் நீட்டும்படி பரிந்துரை.

"அத்தான், உங்களுக்கென்ன விசரே?"

"வந்த ஆளுக்கு முன்னால பெத்த பிள்ளையைத் தூக்கிக் கதைக்கேலுமே? அவ 'நல்ல பெடியன்' எண்டு சொன்னவ. நான் அதுக்கு ஓம் எண்டு சொல்லுறதே?"

"ஓம் எண்டுதான் சொல்லோணும்!"

"அவ மறுத்துச் சொல்லுவா எண்டு பாத்தன். அவ குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தா."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போல இருந்தது. அக்காவுக்குப் புதன்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. அவள் நின்றிருந்தால் இவர் வாயைப் பொத்தியிருப்பாள். "நீங்கள் இப்பிடிச் சொல்லேக்கை ஜது எங்க இருந்தவன்?" என்று கேட்டேன். "அங்கதான், மேசையில" என்றார், ஏதோ உப்புப் போத்தல் எங்கே என்று நான் கேட்டது போல.

மூன்று கிழமை அவருக்குப் பாடம் நடத்தினேன். சபையில் என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுத்தேன். "அவன் நல்ல பிள்ளை" என்று டேனிஷில் சொல்ல அவருக்கு நாக்குப் புரளவில்லை. லொறி லொறியாகச் சாமான் இறக்கும்போது தொண்டை கிழியக் கத்துகிற அதே மனிதர்தான்.

ஜூன் மாதம் சபை கூடியது. அக்காவுக்கு லீவு கிடைக்காததால் நான் துணைக்குப் போனேன். நீதிபதி ஒரு பெண். மகன் இப்போது எப்படி என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் மேசையைப் பார்த்தபடி இருந்தார். நெற்றியில் வேர்வை.

"நல்லவன்" என்றார். பிறகு பண்டகசாலை டேனிஷில் தட்டுத்தடுமாறிச் சொல்லத் தொடங்கினார். "சனிக்கிழமைகளில் விளம்பரப் பேப்பர் போடப் போகிறவனை யாரும் எழுப்பத் தேவையில்லை. தாய் வேலையால் வரும்போது சாப்பாட்டைச் சூடாக்கி வைத்திருக்கிறான். அடிபட்ட பெடியனிடம் அவன் மன்னிப்புக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஐம்பத்திநாலு வயது. நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை."

ஜதுர்சன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான்.

பொலிஸ்காரர் அறிக்கையைப் புரட்டினார். "ஏப்ரலில் சொன்னது உண்மையா, இப்போது சொல்வதா?"

"இப்போது சொல்வது."

"அப்படியானால் ஏப்ரலில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

அத்தான் என்னைப் பார்த்தார். கண்ணூறை நான் என்ன டேனிஷில் சொல்வது? பிள்ளையைப் புகழ்ந்தால் கெடுதல் வரும் என்ற பயம், எங்கள் பழக்கம் என்று என்னவோ உளறினேன். நீதிபதி பொறுமையாகத் தலையாட்டினார். தலையாட்டினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

நாற்பது நிமிடம் வெளியே இருத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். டிசம்பர் வரை நீட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முன்னேற்றம் தெரிகிறதாம். ஆனால் தந்தை ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வதால் வீட்டு நிலைமை தெளிவில்லையாம். புதன்கிழமைச் சந்திப்புகளும் கிளப்பும் ஹோர்சன்ஸில்தான். எஃப்டர்ஸ்கோல போய்விட்டது.

எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. சொன்னதை அப்படியே எழுதிய மரினா மேல், காகிதத்தை நம்பிய சபை மேல், பெற்ற பிள்ளையைத் திட்டுவதைப் பண்பாடு என்று வைத்திருக்கிற எங்கள் சனம் முழுக்க மேல். காரில் பின்னுக்கு இருந்தபடி, அத்தானைக் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தேன்.

முன்னுக்கு இருந்த ஜதுர்சன் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவன். ஸ்டேஷன் தாண்டியதும் தமிழில் சொன்னான்.

"அப்பா, உள்ளுக்கை சொன்னனீங்களே. அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அத்தான் பாதையைப் பார்த்தபடியே, "சனிக்கிழமையில நீ ஆரும் எழுப்பாமல் எழும்புறனி" என்று தொடங்கினார். சபையில் சொன்னது முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. நான் கேள்விப்படாததெல்லாம் வந்தது. கார் வீட்டு வாசலில் வந்து நின்றும் அவர்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை. வேலை முடிந்து வந்து, முடிவு என்னவென்று கேட்க ஓடிவந்த அக்காவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நான் கையைக் காட்டினேன்.