பூட்டிய கேட்டுக்கு வெளியே எங்கள் கோச்

என் மச்சான் மாணிக்கத்தின் உடலை இன்று கல்லூரி மைதானத்துக்குள் விடவில்லை.

முப்பது வருடம் அங்கே சம்பளமில்லாமல் புட்போல் பழக்கியவர் அவர். பகலில் தேயிலை ஃபெக்டரி, நாலு மணிக்கு மைதானம். கோல் கம்பத்தருகே பாடையை ஒரு நிமிடம் இறக்கி வைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை.

கல்லூரி அதிபர் கேட்டிலேயே மறித்தார். "ஸ்டாஃப் லிஸ்ட்ல அவரு பேரு இல்லீங்க ஐயா. மேல அனுமதி எடுக்கணும்."

பாடையைச் சுமந்து நின்ற பழைய கோல்கீப்பர் செல்வம் கேட்டான்: "நாங்க ஜெயிச்ச கப்ப தூக்கிட்டு வந்தப்ப லிஸ்ட் பாத்தீங்களா சேர்?"

அதிபர் பூட்டைத் திறக்கவில்லை.

மழையில் அரை மணி நேரம் நின்றோம். மச்சானின் மனைவி, என் தங்கை, "போதும்ண்ணே, அவரு நனையிறாரு" என்றாள்.

கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.

கருமாதிக்குள் அதிபர் அந்தக் கேட்டைத் திறக்க வேண்டும். பழைய மாணவர் சங்கத் தலைவர் வாட்ஸ்அப் குரூப்பில் அஞ்சலிப் பூப் படம் போடுவதை நிறுத்திவிட்டு நேரில் வர வேண்டும். இப்போதைய கேப்டன் கோல் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து அவர் குழிமேட்டில் போட வேண்டும்.

நாளை காலையிலிருந்து நான் கேட்டில் நிற்பேன். அவரிடம் விளையாடியவர்கள் ஆளுக்கு அரை மணி நேரமாவது என்னோடு வந்து நிற்க வேண்டும். எனக்கு எழுபத்திரண்டு வயது; முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. முதலில் யார் வருகிறீர்கள்?