எழுதப்படாத சீட்டுகள்

மருந்துக் கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கோரிக்கைச் சீட்டுகளைப் பதிவுசெய்துவந்த அந்த எழுத்தரை எல்லோரும் லெட்ஜர் அக்கா என்றே அழைத்தார்கள். இருபத்துமூன்று மருத்துவ நிலையங்கள், எழுநூற்றுப் பன்னிரண்டு மருந்துகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எந்த அடுக்கில் என்று கைவைத்துக் காட்டுவார்.

சென்ற ஆண்டு கிடங்குக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்தது. பழைய பதிவுகளைப் படித்து எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது என்று அதுவே முடிவுசெய்தது. காலாவதியாகிக் குப்பைக்குப் போவது பாதியாகக் குறைந்ததில் அக்காவுக்கும் மகிழ்ச்சிதான். நம்மைப்போல் அது லீவு கேட்காது என்று வேன் ஓட்டுநரிடம் கிண்டல் செய்வார்.

திங்கட்கிழமை வந்த கொள்முதல் பட்டியலில் வலிப்பு நோய் மாத்திரை ஒன்றுக்கு நேரே பூஜ்யம் என்றிருந்தது. வெளிக்கடைகளில் கிடைக்காத மாத்திரை. கடைக்கோடி நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கும் அவருடைய தங்கை அன்று காலைதான் போனில் சொல்லியிருந்தாள்: பதினோரு பேர் அதைச் சாப்பிடுகிறார்கள், இருப்பு எட்டு நாளுக்குத்தான்.

அக்கா பதிவேடுகளை இறக்கி மாதம் மாதமாக விரலை ஓட்டினார். பதினான்கு மாதங்களாக அந்த மருந்துக்கு ஒரு சீட்டும் இல்லை. நிலையங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. அவற்றைச் சீட்டு எழுதவிடாமல் செய்தவர் அவரே. இருப்பில்லாத மருந்துக்குச் சீட்டு வந்தால் நிராகரிப்பாகும், நிலையத்திடம் மேலிடம் விளக்கம் கேட்கும். பாவம், அவர்களுக்கு ஏன் அந்தத் தொல்லை என்று போனிலேயே தடுத்துவிடுவார். பெரிய மருத்துவமனையில் மிஞ்சியதைக் கெஞ்சி வாங்கி, சீட்டில்லாமல் வேனில் ஏற்றிவிடுவார். இப்போது அங்கேயும் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அவர் காட்டிய இரக்கத்திலிருந்து, இந்த மருந்து யாருக்கும் வேண்டாம் என்று கருவி கற்றுக்கொண்டிருந்தது.

செவ்வாயன்று எல்லா நிலையங்களையும் அழைத்துச் சீட்டு அனுப்பச் சொன்னார். ஒரே நாளில் பத்தொன்பது வந்தன. பதினான்கு மாத அமைதிக்குப் பிறகு வந்த அந்தக் கூட்டத்தைப் பிழை என்று சொல்லிக் கருவி ஒதுக்கியது.

புதன்கிழமை கிடங்கு அதிகாரியின் முன் நின்று நடந்ததைச் சொன்னார்.

“பதிவக் கையால மாத்தலாம் மேடம். ஆனா பதிவு எப்படித் தப்பாச்சு, யாராலன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். விசாரணை வரும்” என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம்தானே இருக்கு?”

“பேப்பர் குடுங்க சார்.”

தேதிவாரியாக மூன்று பக்கம் எழுதினார். அதிகாரி அதைப் பதிவேற்றியதும் கருவி நொடியில் ஆர்டர் போட்டது. வந்துசேரப் பதின்மூன்று நாள் என்றது. தங்கையிடம் ஆறு நாளுக்கு இருந்தது.

அக்கா மறுபடியும் போனை எடுத்தார். மற்ற இருபத்திரண்டு நிலையங்களைத் துழாவியதில், அவர்களுடைய நோயாளிகளுக்குப் போக நான்கு அட்டைகள், நாற்பது மாத்திரைகள் தேறின. தங்கையை அழைத்தார்.

“வேற மருந்துக்கு மாத்த முடியாதாடி?”

“டாக்டரக் கேட்டுட்டேன்க்கா. வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணுமாம். திடீர்னு நிறுத்துனா ஆபத்தாம்.”

அக்கா காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். நாளுக்கு இரண்டு வீதம் பதினோரு பேருக்கு இரண்டு நாளுக்குக்கூடக் காணாது. ஆளுக்கு மூன்று கொடுத்தால் ஏழு மீதி. அந்த ஏழு மாத்திரையையும் யாருக்குக் கொடுப்பது? பேனா காகிதத்தின்மேல் நின்றுகொண்டே இருந்தது.

“பதினோரு பேர்ல யாருக்கு ரொம்ப மோசமா வரும், சொல்லு. அவங்களுக்கு வைப்போம்.”

மறுமுனையில், தங்கையின் ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் கேட்பது கேட்டது.

“எல்லாருக்கும் மோசமாத்தான்க்கா வரும்.”