அத்தானின் ஐந்து வரி

எவர்சில்வர் தட்டில் பாதி சோறு, பாதி சாளை மீன் குழம்பு, நடுவில் குறுக்காக ஒரு முருங்கைக்காய்த் துண்டு. தச்சநல்லூரில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அத்தான் எனக்கு விமான வித்தை விளக்கியது இப்படித்தான். சோறு வானம், குழம்பு தரை, இரண்டும் சேருமிடம் அடிவானக் கோடு, முருங்கைக்காய் பிளேன். “பழைய பிளேன்ல மீட்டருக்குள்ள கோடு அசையாது மாப்ளே, பிளேன் பொம்மைதான் சாயும்” என்று முருங்கைக்காயை இடப்பக்கம் சாய்த்துக் காட்டினார். “புதுசுல பொம்மை அசையாது. கோடுதான் சாயும். பிளேன் இடப்பக்கம் சாஞ்சா, கோடு வலப்பக்கம் சாயும்.” இதைச் சொல்லித் தட்டையே வலப்பக்கம் திருப்பினார். குழம்பு, மேசை விரிப்பில் இறங்கியது.

“ரெண்டும் ஒண்ணுதானே அத்தான்?” என்றேன்.

“ஒண்ணுந் தெரியாதவனுக்கு ஒண்ணுதான்லே. இருவது வருசம் பழசுல பறந்தவனை நெனச்சுப் பாரு. மேகத்துக்குள்ள போயிட்டா வெளிய ஒண்ணுந் தெரியாது, மீட்டர்தான் கண்ணு. கோடு வலப்பக்கம் சாயுததப் பாத்து, பிளேன்தான் வலப்பக்கம் சாயுதுன்னு கை நெனச்சிரும். மூளை இல்ல, கை. நிமித்துததுக்கு இடப்பக்கம் திருப்புவான். பிளேன் ஏற்கெனவே இடப்பக்கந்தான் சாஞ்சு கெடக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. சோறு கீழ, குழம்பு மேல.”

அக்கா துணியோடு வந்து, “திங்கதத் திங்கப் பாருங்க. அறுவது வயசுல சோத்துல பிளேன் விடுதாரு” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதிப் பிழைப்பவன் நான். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலமும் நடத்துகிறேன். அங்கேதான் என்னைப் பார்த்து அதிகம் சிரிக்கிறார்கள். ‘சோறு கீழ, குழம்பு மேல’ என்பதை அந்த வாரப் பத்திக்குத் தலைப்பாக்கிவிடலாம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அத்தான் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும் செய்தேன். கவனித்ததை வைத்து ஒன்றும் செய்யவில்லை. என் வாசிப்பு, படிப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான லட்சணம் அது.

அத்தான் உவரிக்காரர். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். மகன் எப்படியோ அண்ணாந்து பார்த்துப் பழகி விமானப்படையில் சேர்ந்து, விமானிகளைப் பழக்கும் வேலையில் நரைத்து ஓய்வு பெற்றார். பிறகு ஒரு சின்ன நாடு அவரை ஒப்பந்தத்தில் கூப்பிட்டுக்கொண்டது. பெயர் வேண்டாம். மலை, கடல், மேகம் இவற்றைத் தவிர அதிகம் ஏதுமில்லாத நாடு. அதன் போர் விமானங்கள் அத்தனையையும் எங்கள் புது பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிடலாம், மதுரை பஸ்ஸுக்கு இடம் மிஞ்சும். ஒரு தலைமுறைக்கு முன்னால் யாரோ கொடுத்த பழைய விமானங்களைத் தள்ளிவிட்டு, வேறொரு திசையிலிருந்து புதியவை வாங்கியிருந்தார்கள். விமானம் வாங்க ஒரு கையெழுத்து போதும். ஓட்டுகிற கையை மாற்றத்தான் அத்தானைக் கூப்பிட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த பையன்களைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவர்கள் வெறும் சிலேட்டு. அவர் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் பழைய ஆட்கள் ஆறு பேர். நாட்டிலேயே சிறந்த விமானிகள். அவர்களில் மூத்தவரை எனக்குத் தெரியும். அத்தான் ஒரு விடுமுறைக்கு வந்தபோது கூடவே வந்து, பத்து நாள் எங்களோடு இருந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், குட்டையான உருவம், மனைவி படத்தையும் மகள் படத்தையும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். அக்கா அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டாள்; அவர் அக்காவை அக்கா என்றே கூப்பிட்டார், அது ஏதோ பட்டம் என்று நினைத்து. உவரியில் அவரை அத்தானின் தம்பி படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப் போனார். கரை மறைவதற்குள் மனுஷன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருமளவு வாந்தி எடுத்தார். “வானத்துல குட்டிக்கரணம் போடுத ஆளு, தண்ணியில கவுந்து கெடக்காருவே!” என்று கரையில் ஊரே கூடிச் சிரித்தது. அவரும் சிரித்தார். மணலில் மல்லாந்து படுத்தபடி அத்தானிடம் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். “கண்ணை மூடிட்டா எது மேல எது கீழன்னு தெரியலியாம்” என்றார் அத்தான். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அத்தானுக்குக் குடலிறக்கம். பாளையங்கோட்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, ஒன்றரை மாதம் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தச்சநல்லூர் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்களுடைய தேசிய நாள் அணிவகுப்பு வருகிறது. புதிய விமானங்களைப் பழைய ஆட்கள் ஆறு பேரும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று புதுத் தளபதி விரும்புகிறார். ஆறு பேரும் தயார் என்று பயிற்சியாளர் எழுதித் தந்தால் ஒத்திகை தொடங்கலாம்.

அத்தான் ஒரு தாளில் கையால் ஐந்து வரி எழுதினார். நான் பார்த்தேன். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: ‘ஆறு பேரும் தயார் இல்லை. மேகத்துக்குள் அவர்கள் கை பழையபடிதான் திரும்பும். நான் எழுதித் தர மாட்டேன். நான் வரும்வரை அவர்களைப் பறக்க விடாதீர்கள். விட்டால் ஒருவன் சாவான்.’

அக்காதான் தடுத்தாள். “இப்படியா எழுதுவாவ ஒரு தளபதிக்கு? உங்க முரட்டுத்தனத்துக்கு அவனுவ வேற ஆளப் பாத்துட்டுப் போவானுவ. அப்புறம் அந்த ஆறு பேர யாரு பாப்பா? தம்பிட்ட குடுங்க, அவன் பதமா எழுதுவான்.”

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அத்தான் தாளை என்னிடம் நீட்டினார். “சொல்லுதது மாறாம எழுதுலே.”

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் பிடிக்கவில்லை என்று சொன்ன குடும்பம் ஒன்றை நான் பார்த்ததில்லை. உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பையனின் படிப்பைப் புகழ்ந்து, வீட்டில் பெரியவர்களைக் கலந்துகொண்டு பைய சொல்லுகிறோம் என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். வந்தவர்கள் தெருமுனை தாண்டும் முன்பே வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பதில் சொல்லியாயிற்று என்று இருதரப்புக்கும் தெரியும். இந்த மரியாதையைத்தான் நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். முதல் பத்தியில் அந்த நாட்டின் விமானப்படை எடுத்துவைத்திருக்கும் வரலாற்று அடியை வணங்கினேன். இரண்டாவதில் ஆறு விமானிகளின் திறமையையும், அவர்களைப் பழக்கிய அத்தானின் அனுபவத்தையும், அவரே வெட்கப்படுமளவுக்குப் புகழ்ந்தேன். அது பொய்யும் இல்லை. மூன்றாவதில், மேகமூட்டமான சூழல்களில் மேலும் சில மணி நேரப் பயிற்சி விரும்பத்தக்கது எனத் தாழ்மையுடன் கருதுவதாகவும், தளபதி அவர்கள் இதைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டேன். ஐந்து வரி, இரண்டு பக்கம் ஆயிற்று. சாவு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அலுவலகக் கடிதத்தில் அது அநாகரிகமாகப் பட்டது.

அத்தான் படித்தார். “நல்லாருக்குலே” என்றார். கையெழுத்துப் போட்டார். நான் என் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது. அன்று மாலைக்குள் பதிலும் வந்தது. தங்கள் மதிப்புமிக்க பாராட்டுக்கும் ஆலோசனைக்கும் நன்றி, பயிற்சியின் அடுத்த கட்டத்தில் அது கவனத்தில் கொள்ளப்படும், விரைவில் குணமடைய வாழ்த்துகள். எவ்வளவு பண்பான பதில் என்று அக்கா சொன்னாள். இவர்களும் நம் ஊர்க்காரர்கள்போலப் பேசுகிறார்களே என்று நான் மகிழ்ந்தேன். அத்தான் மட்டும் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “நிப்பாட்டுதோம்னு எங்கன இருக்கு?” என்று கேட்டார். “அதெல்லாம் அப்படித்தான் அத்தான் எழுதுவாங்க” என்றேன். ஆங்கிலப் பேராசிரியர் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்.

ஒன்பதாம் நாள் மதியம் தொலைபேசி வந்தபோது அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தேர்வுத்தாள்களைத் திருத்த அங்கே போயிருந்தேன். அத்தான் நின்றபடியே கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி, ஆங்கிலத்தில்: எந்தப் பக்கம் சாய்ந்தது? இடப்பக்கம் என்றார்கள்போல. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஒத்திகையில மேகத்துக்குள்ள போயிருக்கான். மூத்தவன்தான். நிமித்தப் பாத்திருக்கான் லே, நிமித்தத்தான் பாத்திருக்கான்” என்றார். அக்கா, “கேப்டனா?” என்றாள். கையிலிருந்த வெங்காயத்தை வைக்காமல் அப்படியே உட்கார்ந்தாள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது என்னுடைய மூன்றாவது பத்தி. அதன் வாக்கிய அமைப்பு முழுவதும் கமா மாறாமல் வந்தது.

அத்தான் அதன் பிறகு அந்த நாட்டுக்குப் போகவில்லை. மற்ற ஐந்து பேரையும் பறக்கவிடாமல் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்றுதான் சரியாகச் சாப்பிட்டார். உவரி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அக்கா கூடப் போனாள். நான் நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வாரா வாரம் சிரிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், சிலது நன்றாகவே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் போய்விட்டேன். அத்தான் கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அத்தான், அந்த லெட்டர்…”

“ஏலே, விடு.”

“நான்தான் அத்தான். நீங்க எழுதினத அப்படியே அனுப்பியிருந்தா நிப்பாட்டியிருப்பாங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. “படிச்சிட்டுத்தானலே கையெழுத்துப் போட்டேன்” என்றார். “பறக்கதுக்கு முந்தி ஒவ்வொண்ணையும் ரெண்டு மட்டம் பாருன்னு ஆயுசு பூரா சொல்லிக்கொடுத்தவன் நான். உன் லெட்டர ஒரு மட்டந்தான் பாத்தேன். என்னப் பத்தி நல்லதா எழுதியிருந்த. வாசிக்க சொகமா இருந்துச்சு, கேட்டியா. அதுலயே நின்னுட்டேன்.”

ஆறுதல் சொல்லும் குரலில்தான் சொன்னார். அந்தக் காயம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிறகு உள்ளே போய் ஓர் உறையைக் கொண்டுவந்தார். கேப்டனின் மனைவிக்கு எழுதியது. நான்கு மாதமாக எழுதிக் கிழித்து எழுதியதாம். அந்த நாட்டு விசாரணையில் விமானியின் தவறு என்று முடித்துவிட்டார்களென்று கேள்விப்பட்டிருந்தார். “இங்க ஊருல போட்டா பைய எடுப்பானுவ. திருநவேலியில பெரிய போஸ்ட் ஆபீஸ்ல போட்டுரு. படிச்சுக்கோ. ஆனா கை வைக்காத.”

பஸ்ஸில் படித்தேன். கையெழுத்து பெரிதாக, பள்ளிப் பிள்ளையுடையதுபோல இருந்தது. ‘அம்மா, உங்கள் கணவர் தவறு செய்யவில்லை. அவர் கை இருபது வருடம் பழகியபடி திரும்பியது. அது திரும்பும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. உங்கள் மகளிடம் இதைக் காட்டுங்கள்.’ ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. ஒரு வினைச்சொல் காலம் மாறிக் கிடந்தது. என்னைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சட்டைப்பையில் பேனா இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று கொடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அத்தான் போன தவக்காலத்தில் காலமானார். அந்தப் பெண்மணியிடமிருந்து பதில் வரவில்லை; வந்ததா என்று அத்தான் என்னிடம் கேட்டதும் இல்லை. அன்று பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது, தபால் நிலையத்தில் உறையை எடை போட்டவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “உள்ள என்ன சார் இருக்கு?” என்றார்.

“ஒரு தாள்தான்.”

“சாதாத் தபால்னா இருவது நாளுக்கு மேலயும் ஆவும். அவசரம்னா ஸ்பீடுல போடுதீங்களா?”

“அவசரம் இல்ல” என்றேன்.