கையில் ஒரு மை வட்டம்

நாற்காலி காலியாக இருந்தாலும் வாண்டா குசேரா உட்காருவதில்லை. நின்றபடியே தன் நீலப் பெட்டியைத் திறக்கிறார், மூடுகிறார். மீன் பிடிப்பவர்கள் தூண்டில் முள் போட்டு வைக்கும் பெட்டி அது. முள் இருக்க வேண்டிய சிறு அறைகளில் நான்காய் மடித்த காகிதங்கள்: தட்டம்மை ஊசிச் சான்று, மூன்று மாநிலங்களின் நர்ஸ் உரிமம், கடைசி அறை நிறைய ரசீதுகள்.

ஐம்பத்தாறு வயது. பதினோரு ஆண்டுகளாகப் பயண நர்ஸ். ஏஜென்சி சொல்லும் ஊரில் பதின்மூன்று வாரம் வேலை. பிறகு வேறு ஊர். போகுமிடமெல்லாம் தனக்கு நோயில்லை என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில், டுலூத் நகரில், எங்கள் மருத்துவமனையின் ஊழியர் நலப் பிரிவில் அந்தக் காகிதங்களைச் சரிபார்ப்பவள் நான். விசாவுக்காக இதேபோல் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வேறொரு அலுவலக ஜன்னல் முன் நிற்பவளும் நான்தான்.

போன வருடம் முதல்முறை வந்தபோது, சின்னம்மை வந்ததற்கு அத்தாட்சி கேட்டேன். நெற்றித் தழும்பைக் காட்டினார். "இதை ஸ்கேன் பண்ணிக்க, கண்ணு. அம்பது வருஷமா புதுப்பிக்காமலே செல்லுது."

செல்லவில்லை. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். ரசீது இருந்தால் அந்தச் செலவை ஏஜென்சி திருப்பித் தரும். அவரோ ரசீதை வண்டியின் முன்கண்ணாடியோரம் வைத்து, வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்து, வெற்றுத்தாளை எடுத்து வந்தார். அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தப் பெட்டி.

இந்த வெள்ளிக்கிழமை பாக்கி இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. செவ்வாய் காலை பதினொன்று நாற்பதுக்கு, நெப்ராஸ்காவில், முன்கையில் காசநோய்ச் சோதனை ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழிந்து, மூன்றாம் நாள் முடிவதற்குள், அதாவது இன்று பதினொன்று நாற்பதுக்குள், அந்த இடம் தடித்திருக்கிறதா என்று ஒரு நர்ஸ் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். நேரம் தாண்டினால் ஊசி வீண், திங்கட்கிழமை வேலையில் சேர முடியாது, ஒப்பந்தம் போய்விடும். வியாழனே வந்திருப்பார். பனிப்புயலில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.

ஊசி இறங்கிய இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். கை கழுவக் கழுவ அழிகிறது. அழிய அழிய மறுபடி வரைகிறார்.

மணி பதினொன்று இருபது. எங்கள் நர்ஸ் மார்லிஸ் மாடியில் ஒரு கூட்டத்தில் இருந்தாள்.

"நீங்களே நர்ஸ்தானே..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஆயிரம் கை பாத்திருக்கேன். என் கையை நானே பாத்தா செல்லாது. செல்லவும் கூடாது." ஜன்னலுக்குப் போனார், தண்ணீர் இயந்திரத்துக்கு வந்தார். "உங்க மார்லிஸ் அங்க டோனட் தின்னுட்டிருப்பா. இன்னொரு தடவை கூப்பிடு, கண்ணு."

மூன்றாம் முறையாகக் கூப்பிட்டேன்.

"போன மார்ச்சுல மொன்டானாவுல அரை நாள் லேட்டு. வேற ஆளைப் போட்டுட்டாங்க. பணம் கிடக்கட்டும். அஞ்சு நாள் வாடகை ரூம்ல சுவத்தைப் பாத்துட்டு இருந்தேன் பாரு, அதுதான் தாங்கல. எனக்குச் சும்மா இருக்க வராது."

பதினொன்று முப்பத்தாறுக்கு மார்லிஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். உதட்டோரம் சர்க்கரைத் தூள்.

"என்னடி வாண்டா, பனியையும் கூடவே கூட்டிட்டு வந்துட்டியா?"

"முதல்ல கையைப் பிடி. கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம்."

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தின் குறுக்கே விரலை ஓட்டினாள். ஒருமுறை. இன்னொருமுறை. வாண்டா அந்த விரலைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேனாவைத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்ல. மழமழன்னு இருக்கு." தடிப்பு பூஜ்யம் என்று எழுதி, நேரம் குறித்து, கையெழுத்திட்டாள் மார்லிஸ். பதினொன்று முப்பத்தெட்டு.

"திங்கள் காலை ஏழு மணிக்கு வந்துடுங்க," என்றேன்.

அப்போதுதான் வாண்டா உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து ஏஜென்சியின் செலவுப் படிவத்தை எடுத்து, ஊசி போட்ட ரசீதை அதன் பின்னால் குத்தி, என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். சட்டைக் கையை இறக்கிவிடப் போனவர் சற்று நின்றார். இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும், மங்கியிருந்த வட்டத்தின் மேல், கவனமாக, இன்னொரு சுற்று வரைந்தார்.