மூடி வைத்த கொலு

பைபாஸ் முடிந்து, வங்காளத்தில் எங்கள் டாக்குரியா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கண்ணாடிப் பாத்திரமாகிவிட்டேன். அதிர்ச்சியே கூடாது என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், மனைவியும் மகளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். செய்தித்தாள் நின்றது. கிடர்பூர் துறைமுக ஆபீஸ் நண்பர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். டிவியில் கிரிக்கெட்கூடக் கிடையாது; இந்தியா தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மிஞ்சியது, ஞாயிறு காலையில் திருச்சியிலிருந்து வரும் அண்ணாவின் போன் மட்டும்தான். "என்னடா, உயிரோடதான் இருக்கியா?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் கிண்டலைக் கேட்டால்தான் நானும் மனுஷன் என்று தோன்றும்.

நவராத்திரியின்போது ஒரு ஞாயிறு போன் வரவில்லை. "அங்க மழையாம், லைன் போயிடுத்தாம்" என்றாள் மனைவி. நம்பினேன். மறுநாள் காலை பார்த்தால், கொலுப்படியை மேலிருந்து கீழ்வரை வேட்டியால் மூடியிருந்தாள். சுவாமி விளக்கும் ஏற்றவில்லை.

"ஏன் மூடிட்டே?"

"தெருவுல வங்காளிகள் பூஜைப் பந்தல் போட்டிருக்காளே, புழுதியெல்லாம் பொம்மை மேல படியறது."

விளக்குக்கு என்ன புழுதி? பங்காளி வீட்டில் சாவு என்றால்தான் எங்கள் வீட்டில் கொலுவை மூடுவோம், விளக்கேற்ற மாட்டோம். எனக்கு இருந்த ஒரே பங்காளி அண்ணாதான். அவர் செத்ததை மறைக்கத் தெரிந்தவளுக்குத் தீட்டை மறைக்கத் தெரியவில்லை.

ஆத்திரமாக வந்தது. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் அழுதால், இதோ நெஞ்சு நின்றுவிடப் போகிறது என்று அவள் நடுங்கிப்போவாள். "புழுதி ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் போயிற்று. அடுத்த தடவை ஈ.சி.ஜி.யைப் பார்த்த வங்காளி டாக்டர், இதயம் நன்றாகத் தேறிவிட்டது என்றார். பின்னே ஏன் இப்படி இளைக்கிறேன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"தாதா, மனசுல ஏதாவது கவலையா?" வங்காளியில் தாதா என்றால் அண்ணா.

மனைவி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர். கவலைப்படற மாதிரி எதையும் நாங்க இவர் காதுல போடறதே இல்லை."

தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறுதோறும் வழக்கம்போலப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்காராவிட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மழைச் சாக்கு எத்தனை வாரம் தாங்கும்? ஒருநாள், "உங்கண்ணாவுக்குக் காது சுத்தமா கேக்கலையாம், இனிமே போன்ல பேச முடியாதாம்" என்றாள்.

"பாவம்" என்றேன். அண்ணாவுக்காக நான் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது அந்த ஒரு வார்த்தைதான்.